பனியுகத்தில் மக்காச்சோளம்

தொப்பம்பட்டிப் பக்கம் மக்காச்சோளக் காட்டிலேயே வளர்ந்தவள் நான். அந்த மக்காச்சோளத்தையே எனக்கு அடையாளம் தெரியாது என்பதை ஓர் அரங்கம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு நிரூபித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள், சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். மலைமேல் ஓர் ஏரியின் அடிச்சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அதில் புதைந்த மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணுவேன். எந்தச் செடியின் மகரந்தம் எவ்வளவு என்று தெரிந்தால், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தில் இங்கே மழையா, வறட்சியா என்று சொல்லிவிடலாம். (பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் இதைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.)

மலையிலிருந்து இறங்கிய அன்று, சேற்றுப் பொட்டலங்களில் பாதியை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து மறுநாள் சென்னைக்குக் கொண்டுபோனேன். மீதி நேராக ஆய்வகத்துக்குப் போயிருந்தது.

மாதக்கணக்கில் எண்ணினேன். ஒருநாள், சாதாரணப் புல்லின் மகரந்தத்தைவிடப் பெரிய பெரிய உருண்டைகள்! அழிந்துபோன ஏதோ ராட்சதப் புல் என்று முடிவுகட்டி, மனதுக்குள் அதற்கு என் பெயரையும் வைத்துவிட்டேன். ஆய்வரங்கத்தில் எல்லோரையும் அசத்த வேண்டும் என்று பேராசிரியையிடம்கூட மூச்சுவிடவில்லை. அப்பாவை மட்டும் ஊரிலிருந்து வரவழைத்தேன். தேய்த்த வேட்டி கட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் படம் விழுந்ததும் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இது மக்காச்சோளம்மா. அமெரிக்காவுலேர்ந்து நம்ம ஊருக்கு வந்தே சில நூறு வருஷம்தான் ஆகுது. உன் பனியுகத்துல இதை யாரு விதைச்சா?”

அரங்கமே சிரித்தது. பின்னால் நாற்காலி நகர்ந்தது.

“நானுங்க” என்று அப்பா எழுந்து நின்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

“பூவெடுத்த மக்காச்சோளக் காட்டுக்குள்ள இருந்து பூத்தூள் ஒட்டுன கையோட வந்து பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்துப்போட்டேனுங்க. புள்ள அப்படி என்னதான் படிக்குதுன்னு பாக்கோணும்னு ஆசை. கேட்டா நமக்கெங்க புரியப் போகுதுன்னு கேக்கலீங்க. அவளை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க.”

நான் ஒருநாளாவது அவரிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால்! பனியுகத்தையே விசாரிக்கப் போனவளுக்கு, பக்கத்திலிருந்த அப்பாவிடம் பேசத் தோன்றவில்லை.

பேராசிரியை அவரை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் நுண்ணோக்கி முன் உட்கார வைத்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“என்ற காட்டுல இத்தன அழகு கெடக்குதா கண்ணு?”

ஆய்வகத்துக்கு நேராகப் போயிருந்த சேற்றை வைத்து முதலிலிருந்து எண்ணினேன். ஒரு வருடம் கூடுதலாக ஆனது. பட்டமும் வந்தது.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் அண்ணன், “பனியுகத்துலயே மக்காச்சோளம் போட்டவருங்க எங்கப்பா” என்றுதான் அறிமுகம் செய்வான். வந்தவர்கள் விளைச்சலைப் பற்றிக் கேட்டால் அப்பா சிரிக்காமல் சொல்வார்:

“மொளச்சது நல்லாத்தானுங்க இருந்துச்சு. கதிர் புடிக்கறதுக்குள்ள புள்ள மண்ணை மாத்திப்போட்டா.”