வெயில் அண்ணாச்சியும் நின்றுபோன தறியும்

சூரியனை நம்பிக் கெட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான், வெயில் அண்ணாச்சி. ராஜபாளையத்தில் டயாலிசிஸுக்குப் படுக்கும்போது அவர் என் பக்கத்துக் கட்டில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாரம் மூன்று நாள் டவுன் பஸ்ஸில் போய் நான் சம்பாதித்தது அவரை மட்டும்தான்.

பேண்டேஜ் துணியை வெளுத்துக் களத்தில் காயப்போடுவது அவர் தொழில். உடம்பையும் அப்படியே நடத்தினார்.

"இங்க நம்மள அலசுதாக. அலசுன துணிய ஈரத்தோட மடிக்கலாமா தம்பி? காயப்போடணும்லா?"

டயாலிசிஸ் முடிந்ததும் நேரே களத்துக்குப் போய்த் துணிகளுக்கு நடுவே மல்லாந்துவிடுவார். ஒருமுறை வேலைக்காரப் பெண் அவரையும் சேர்த்து மடிக்கப் பார்த்தாளாம். நான் நம்புகிறேன்.

வைட்டமின் டி மாத்திரையை மட்டும் தொடமாட்டார். "வெயிலு சும்மா அடிக்குது. அத அட்டையில வாங்குவாகளா?" என்பார். ஆனால் மற்றவர்கள் மாத்திரை போட்டார்களா என்று கட்டில் கட்டிலாக விசாரிப்பார். ஆஸ்பத்திரியில் தங்குவதில்லை என்று ஒரு சபதமும் இருந்தது. தங்கப் போன அவர் மனைவி திரும்பி வரவில்லை.

ஒருநாள் களத்தில் ஈரத்துணி தடுக்கி உட்கார்ந்தார். விழக்கூட இல்லை, உட்கார்ந்தார். இடுப்பெலும்பு விரிசல் விட்டுவிட்டது. மாடி வார்டில் அட்மிட் செய்து, டயாலிசிஸையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

நான் போனபோது டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். "வெயில்ல கிடைக்கிற வைட்டமின எலும்புக்கு ஏத்த மாதிரி மாத்துறது கிட்னி. உங்களுக்கு அது வேலை செய்யல. அந்த வேலையத்தான் இந்த மாத்திரை பாக்கும்."

அண்ணாச்சி யோசித்தார். "நூலு வந்து குவியுது, தறி ஓடல. அம்புட்டுதான?"

"அவ்வளவுதான்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

ஆறு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் டாக்டரம்மா. மாத்திரையை அவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சி மாத்திரையை விழுங்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "செத்த நேரம் இருந்துட்டுப் போ தம்பி." நான் மூன்று பஸ்ஸை விட்டேன்.

கீழே பக்கத்துக் கட்டில் இரண்டு வாரம் காலியாகக் கிடந்தது. பார்க்கப் பயமாக இருந்தது. முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் வாக்கரோடு வந்து, மாத்திரை அட்டையை எல்லோருக்கும் காட்டினார். டயாலிசிஸ் முடிந்ததும் வழக்கம்போலக் களத்துக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

"மாத்திரைதான் போட்டாச்சே, வெயில் எதுக்கு அண்ணாச்சி?"

"பழக்கம்."

தரையில் படுக்க முடியாதென்று களத்தில் நார்க்கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னொன்று.

"இது யாருக்கு?"

"ஒனக்குத்தான். படு."

எனக்கு வெயில் ஆகாது. படுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் அவர் இருந்தார், எனக்கு அது போதும்.