பனியனில் பாய்ந்த காங்கேயங்காளை

ஆறு நாள் நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனியில் துணியோரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினை அடக்கியாண்டு, ஏழாம் நாள் சந்தைத் தெருவில் கால்மெஷினோடு களம் புகும் நூற்படைத் தலைவி, தூத்துக்குடிக் கடற்கரை ஈன்ற ஊசிவேல் நங்கை ரோஸ்மேரி வாழ்க. கேட்ட உருவைக் கேட்டவர் கண்முன்னே தைத்துத் தரும் அவள், நிழலை வென்ற கதையைச் சொல்லப் புகுகிறேன். நூற்கண்டே, முடியும்வரை அறுந்துவிடாதே.

உச்சி வெயில் அவள் தலைமேல் படையெடுத்து நின்றது. எதிரே பனியன் கடைக்கார லிங்கசாமியின் தகரக்கூரை நிழலோ கோட்டைபோல் குளிர்ந்து கிடந்தது. அக்கோட்டையின் அதிபதி புதுப் பனியன் ஒன்றை வீசி அறைகூவினார்:

"ஏனுங்க அம்மிணி, எங்க தோட்டத்துக் காங்கேயங்காளைய இதுல தைங்க பாக்கலாம். அதாட்டமே இருந்துச்சுன்னா வாரா வாரம் இந்த நிழல் உங்களுதுங்க."

"திமில் எவ்ளோ உசரம்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் கையால் காட்டினார். போர் மூண்டது. தையல் மெஷினில் துணியை நேராகத் தள்ளிவிடும் இரும்புப் பற்கள் உண்டு. அவற்றைத் தகடால் மூடினாள். இனி ஊசி நின்ற இடத்திலேயே குத்தும், துணிதான் அவள் கைபோன போக்கில் சுழன்று கோடாகும். கோடு கிழிக்காமல், படம் பாராமல், கொம்பு வளைந்தது, திமில் எழுந்தது, வால் சாட்டையெனச் சுழன்றது. சந்தையே மெஷினைச் சூழ்ந்தது.

ஆனால் அந்தோ, இழுபடும் பனியன் துணிக்கு அடியில் தாள் வைத்தே தைக்க வேண்டும் என்பதைக் கூட்டம் கண்ட மயக்கத்தில் மறந்தாள். துணியையும் முரசுத் தோல்போல் பூத்தையல் வளையத்தில் இழுத்துப் பூட்டியிருந்தாள். வளையம் கழன்றதும் துணி சுருங்கிற்று. மலையனைய காளை வற்றி ஒடுங்கியது.

"வெள்ளாடுங்க," என்று தீர்ப்பளித்தார் வேர்க்கடலை விற்கும் அழகுமலை. "குட்டி போட்ட வெள்ளாடு."

சிரிப்பு அலையலையாய் மோதியும் கலங்காத நங்கை, லிங்கசாமியின் பெருவயிற்றை நோக்கினாள். இழுத்த துணியில் விழுந்த தையல், இழுத்தால்தானே உருப்பெறும்.

"போட்டுப் பாருங்க அண்ணாச்சி."

அவர் அணிந்தார். அக்குன்றின்மேல் துணி விரிய விரிய, வற்றிய காளை விலா புடைத்து, திமில் நிமிர்ந்து, அவர் மூச்சுவிடுந்தோறும் முட்டப் பாய்ந்தது. அதிபதி குனிந்து தன் வயிற்றை நெடுநேரம் வியந்தார்.

"நம்ம காளையேதானுங்க."

ரோஸ்மேரி மெஷினை நிழலுக்குள் தள்ளி வைத்தாள்.