அனுமதி வரும்வரை வலிக்கும் பல்

இரண்டு கைகள் ஒரு காகிதக் கட்டை மேசைமேல் நிமிர்த்தித் தட்டுகின்றன, திருப்பித் தட்டுகின்றன, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகை போலானதும், இடது மேல்மூலையில் சாய்வாக ஒரே ஒரு ஸ்டேப்ளர் ஊசி இறங்குகிறது. நேராகக் குத்தினால் புரட்டும்போது தாள் கிழியும். இரண்டு குத்தினால் சரிபார்க்கிறவருக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்தவர் குறை தேடுவார். தேடுகிறவருக்குக் குறைக்கா பஞ்சம்?

அன்பரே, இந்தக் கைகளின் சொந்தக்காரர் கிளெய்ம் பிரியர் என்னும் இனத்தைச் சேர்ந்தவர். உடம்புக்கு ஒன்று வந்தால் நீங்களும் நானும் டாக்டரிடம் ஓடுவோம். இவர் இன்சூரன்ஸ் விதிமுறைப் புத்தகத்திடம் ஓடுவார். நாம் மருந்துச்சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் திணிக்கிறபோது, இவர் அதைப் புத்தகத்துக்கு நடுவே வைத்துச் சுருக்கம் எடுப்பார். யாரும் இவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பி வந்த பிறர் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, எங்கே இடறியது என்று தானே கண்டுபிடித்துத் தேறியவர்.

இவர் வேலை பார்க்கும் கிடங்கு அலுவலகத்தில் இவருடைய பெயர் யாருக்கும் நினைவில்லை. 'கிளெய்ம் சார்' என்றால்தான் தெரியும்.

"கிளெய்ம் சார், என் கண்ணாடி உடைஞ்சுபோச்சு."

"தானா உடைஞ்சுதா, யாராவது உடைச்சாங்களா?"

"என் மேலயே நான் உக்காந்துட்டேன் சார். அதாவது, கண்ணாடி மேல."

"உக்காந்ததுக்குத் தனி ஃபாரம். வாங்க."

இவர் கட்டிக்கொடுத்த கோப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மனிதனுக்கு ஆயிரம் பெருமை இருக்கலாம். இவருக்கு இருந்தது இந்த ஒன்றுதான். அதற்குத்தான் ஒரு நாள், வேறெங்கிருந்தும் அல்ல, இவர் வாய்க்குள்ளிருந்தே ஆபத்து வந்தது.

கடைவாய்ப் பல்லில் சுருக்கென்று ஒரு வலி. பல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சின்ன ஓட்டைதான் சார். இப்பவே அடைச்சிடலாம். வாயைத் திறங்க."

சார் வாயை மூடிக்கொண்டார்.

"முன் அனுமதி வரட்டும் டாக்டர். அடைக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேக்கணும். கேக்காம அடைச்சா கோப்பு திரும்பிடும்."

"அது வர்றதுக்குள்ள ஓட்டை பெருசாயிடுமே?"

"அதை ஃபாரத்துல கேக்கலையே டாக்டர்."

வீட்டில் மனைவி இதைக் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். "அந்தப் பல்லு உங்க வாய்ல இருக்கா, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கா?"

"வாய்லதான் இருக்கு. முடிவு அவங்க கையில."

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. தெரியுமில்ல?"

"கோப்பு திரும்பினா பேரு போச்சு. அது உனக்குத் தெரியுமா?"

இப்படியாகப் பல்லா பேரா என்ற வழக்கு தொடங்கியது. இடது பக்கமாகவே மென்று, வலது கன்னத்தைத் தலையணையில் படாமல் காத்து, யாராவது நகைச்சுவை சொன்னால் பாதி வாயால் மட்டும் சிரித்து, வெந்நீரா தண்ணீரா என்று ஒவ்வொரு டம்ளரையும் விரலால் தொட்டுப் பார்த்து, சார் தவம் கிடந்தார். தவத்துக்கு இறங்காத தெய்வமும் உண்டோ? அனுமதி வந்தது. முத்திரை தெளிவாக இருந்தது. மனைவிக்குக் காட்டினார், எதிர்வீட்டுக்காரருக்குக் காட்டினார், தபால்காரர் வேண்டாம் என்றபோதும் அவருக்கும் காட்டினார்.

ஆனால் ஒரு சங்கடம். வலி நின்றுவிட்டது.

வலி நின்றால் யாராவது கலங்குவார்களா? இவர் கலங்கினார். 'வலி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அல்லவா! நாக்கால் பல்லைத் தள்ளிப் பார்த்தார். பனிக்கட்டியை வைத்துப் பார்த்தார். சர்க்கரையை அடக்கிப் பார்த்தார். பல் கல்லாட்டம் இருந்தது. பழைய விசுவாசம் கொஞ்சம்கூட இல்லை.

"வலி நிக்கல சார், நரம்பு செத்துப்போச்சு," என்றார் டாக்டர். "இனி அடைச்சுப் பிரயோஜனம் இல்ல. ரூட் கேனால்தான்."

"அனுமதி அடைக்கிறதுக்குத்தானே வந்திருக்கு?"

"ஆமா."

"அப்ப ரூட் கேனாலுக்குப் புதுசா ஒண்ணு போடணும்." சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் ஒளி. மீண்டும் காகிதக் கட்டு. மீண்டும் சாய்வாக ஓர் ஊசி.

அந்த அனுமதியும் வந்தது. வந்த அன்று காலை, காப்பியில் நனைத்த ரொட்டித் துண்டைக் கடித்தபோது, பல் நடுவாக இரண்டாகப் பிளந்தது. மதியத்துக்குள் கன்னம் வீங்கி, ஒரு கண் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"இனி எடுத்துட வேண்டியதுதான்," என்றார் டாக்டர்.

"எடுக்குறதுக்கு அனும..."

"டாக்டர், இவரைக் கேக்காதீங்க," என்று மனைவி எழுந்து வந்து கணவரின் இரண்டு தோள்களையும் நாற்காலியோடு அழுத்திப் பிடித்தார். "நான் அனுமதி தரேன். எடுங்க."

எடுத்தார்கள். வாய் நிறையப் பஞ்சோடு சாய்ந்து கிடந்தவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஐயோ பாவம், வலி பொறுக்கவில்லை என்று மனைவியும் உருகிவிட்டார். அவசரம் என்றால் பல் எடுக்க முன் அனுமதியே தேவையில்லை, பிறகு கேட்டால் போதும் என்ற விதி அப்போதுதான் சாருக்கு நினைவுக்கு வந்திருந்தது. பேர் பிழைத்துவிட்டது! வலதுகையைக் காற்றில் ஆட்டி எழுதிக் காட்டினார். மனைவி தண்ணீர் கொடுத்தார். அவர் கேட்டது ரசீது.

இப்போது அவர் இன்சூரன்ஸ் அலுவலகக் கவுண்டரில் நிற்கிறார். கையில் கோப்பு: பயன்படாத அனுமதி ஒன்று, பயன்படாத இன்னோர் அனுமதி, எக்ஸ்ரேக்கள், டாக்டரின் சான்று, ரசீது, கடைசித் தாளோடு இணைத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை. கவுண்டர் பெண் அந்த உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார்.

"சார், என்னது இது?"

"ஒரிஜினல்மா."

"ஐயோ! ஒரிஜினலை நீங்களே வச்சுக்குங்க சார். ஜெராக்ஸ் போதும்."

அவர் ஒரு கணம் உண்மையிலேயே யோசிக்கிறார். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் மெல்ல. இந்தக் கவுண்டருக்கு ஒரு வரிசை இருக்கிறது. அவருக்கு நேர் பின்னால், ஒரு கையால் கன்னத்தைத் தாங்கி, மறுகையால் கோப்பை மார்போடு அணைத்து, 'நம்ம தாள் எல்லாம் சரியா இருக்கா' என்று எட்டிப் பார்க்கிற அந்த முகம் எனக்கு எங்கோ பார்த்த முகமாக இருக்கிறது. உங்களுக்கு?

கிளெய்ம் சார் உறையை மட்டும் பிரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். தாள்களை ஒருமுறை நிமிர்த்தித் தட்டுகிறார். பிறகு, புதிதாகக் கிடைத்த ஓட்டை தெரிய வாய் நிறையச் சிரித்து, கோப்பை இரண்டு கைகளாலும் நீட்டுகிறார்.