முன் சீட்டில் மாமியார்

என் கார் கசாமாவுக்குப் போகாது. இதுதான் நான் எடுத்த முடிவு. நானாக எடுத்த முடிவுகள் என் வாழ்க்கையில் குறைவு. அதனால் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கார் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. கப்பலில் தார் எஸ் சலாம் வந்து, அங்கிருந்து சாலை வழியாக எல்லை தாண்டி எங்கள் கிட்வே நகரத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் பாதிக் கார்கள் இப்படி வந்தவைதான். டாஷ்போர்டில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. சாவியைத் திருப்பினால் திரை நீலமாகக் கண் விழிக்கும். உள்ளேயிருந்து ஒரு பெண் தேன் தடவிய குரலில் ஒரு வாக்கியம் சொல்வாள். ரேடியோவும் ஜப்பானுக்கென்று செய்தது. எங்கள் ஊர் நிலையங்கள் அதற்கு எட்டாது, ஒன்றே ஒன்றைத் தவிர. மற்ற இடமெல்லாம் இரைச்சல்தான்.

முதல் நாளே என் மனைவி வண்டியருகே வந்து நின்றாள். பிள்ளை பெற்றவர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் கசோன்டே அப்பா, அவள் கசோன்டே அம்மா. எங்கள் மகன் கசோன்டே தலைநகர் லுசாக்காவில் படித்துக்கொண்டிருந்தான்.

"யாருங்க அவ?"

"எவ?"

"உள்ள இருக்கிறவ. உங்ககிட்ட கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறாளே."

"அது வண்டி பேசுது, கசோன்டே அம்மா."

"வண்டிக்கு இவ்ளோ நல்ல குரலா? என்ன சொல்றா?"

ஒரு காலத்தில் ஜப்பான்காரர்கள் பாலம் கட்டிய இடத்தில் நான் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டேன். வணக்கம், நன்றி, இல்லை என்று அவர்கள் மொழியில் மூன்று சொற்கள் தெரியும். மொழியே தெரியும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

"எண்ணெய் பாத்துக்கோங்க, பத்திரமா போய்ட்டு வாங்கங்கிறா."

"அதையே நான் சொன்னா உங்க காதுல விழாது."

போன மழைக்காலத்தில் என் மாமியார் தன் ஊரான கசாமாவில் காலமானார். இந்தக் குளிர்காலத்தில் அவர் கல்லறைக்குக் கல் நாட்ட வேண்டும். கல் நாட்டும்வரை செத்தவர் மண்ணுக்குள் நிம்மதியாகப் படுப்பதில்லை என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்குக் காரில் போக வேண்டும் என்றாள் என் மனைவி. பெரிய பானைகள், மேளம், இரண்டு பாய்க்கட்டு. திரும்பும்போது நிலக்கடலை மூட்டை, கால் கட்டிய கோழிகள், "கிட்வே வரைக்கும்தானே" என்று ஏறிக்கொள்ளும் உறவினர்கள். சாலையில் ஆட்டுக்குட்டி விழுந்தால் வெளியே தெரியாத பள்ளங்கள். சாவியைத் திருப்பினேன். அந்தப் பெண் பேசினாள். நான் நீளமாக மூச்சு விட்டேன்.

"என்ன சொன்னா?"

"நெடுந்தூரம் வேண்டாம்கிறா. நகரத்துக்குள்ள மட்டும்தானாம்."

"கடல் தாண்டி வந்தவ கசாமாவுக்கு வரமாட்டாளா?"

"அதனாலதான் களைச்சுப் போயிருக்கா."

அவள் அந்த நீலத் திரையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு "சரிங்க" என்றாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த "சரிங்க"வுக்குப் பயப்படக் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

அவள் தங்கை லவ்னெஸ் சந்தையில் கைபேசி பழுது பார்ப்பவள். ஒரு மதியம் அவள் வர, அக்காவும் தங்கையும் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். மறுநாள் லவ்னெஸ் கல் நாட்டும் ஏற்பாட்டுக்காகப் பஸ்ஸில் கசாமா கிளம்பிவிட்டாள். என் மனைவி தையல்காரி. பழுப்பு வெல்வெட்டில் சீட்டுகளுக்கெல்லாம் உறை தைத்து, இழுத்து இறுக்கி மாட்டினாள். கோபம் தீர்ந்து, வண்டிமேல் பாசம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த காலை நல்ல மூடுபனி. கரி அடுப்புப் புகையும் சேர்ந்து தெருவே பாலில் முங்கிக் கிடந்தது. வாசலைத் தாண்டியதும் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பெல்ட் போட்ட மனிதனின் சின்னப் படம். என் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். போட்டிருந்தேன். விளக்கு என்னைச் சொல்லவில்லை, பக்கத்துச் சீட்டைச் சொன்னது.

பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை.

மணி அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங். நின்றேன். கதவைத் திறந்து மூடினேன். சீட்டின்மேல் கையால் துழாவினேன். வெல்வெட் சில்லென்று இருந்தது. மறுபடி நகர்ந்தால் மறுபடி டிங். நான் வேலை பார்க்கும் சுரங்கத்து வாசல்வரை அந்தச் சத்தத்தோடு போக முடியாது. வேறு வழியில்லாமல் காலிச் சீட்டுக்குப் பெல்ட் போட்டேன். மணி நின்றது. பெல்ட் யாரையோ கட்டிப் பிடித்ததுபோல நின்றது. மீதி வழியில் அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மாலை வீடு திரும்பியதும் அடுத்த வீட்டு சின்யாமா ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார் அவர், எல்லாவற்றிலும் கேள்வி கேட்பவர்.

"யாருக்கு பெல்ட்?"

"யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லாததுக்கு எதுக்கு பெல்ட்?"

"போடலைன்னா வண்டி கத்துது, வாத்தியாரே."

"வண்டிக்குத் தெரியாதா ஆள் இருக்கா இல்லையான்னு?" என்றவர், தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டு, ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். பிறகு அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். அவர் அடுப்புப் பக்கம் போன மனிதரே அல்ல.

நான் வண்டியிலேயே இருந்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒற்றை நிலையத்தில் கால்பந்து சொல்வார்கள் என்று ரேடியோவைத் திருகினேன். இரைச்சல். இன்னும் இரைச்சல். திடீரென்று இரைச்சல் வெட்டுப்பட்டதுபோல நின்றது. திரையில் ஏதோ எழுத்துகள் ஓடின. வண்டியின் நான்கு மூலை ஒலிபெருக்கியிலிருந்தும் ஒருவர் இருமினார்.

அந்த இருமல் எனக்குத் தெரியும்.

"அங்க உக்காந்திருக்கிறவரு சாப்பிட்டாரான்னு கேளும்மா."

என் மாமியார் ஒருநாளும் என்னோடு நேராகப் பேசியதில்லை. எங்கள் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒரே கூரைக்கடியில் உட்காரவும் கூடாது. மாமியார் சமைத்து, பாட்டோடு மருமகனை உள்ளே கூப்பிடும் சடங்கு ஒன்று உண்டு. அது நடந்தால்தான் தடை நீங்கும். அதை நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம், அதற்குள் அவர் போய்விட்டார். அதுவரை என்னைப் பற்றி எதைக் கேட்டாலும் மகளிடம்தான் கேட்பார். "அங்க உக்காந்திருக்கிறவரு." அதுதான் என் பெயர்.

குரல் மறுபடி வந்தது, இந்த முறை மெலிந்து.

"குளிருது."

அவ்வளவுதான். மறுபடி இரைச்சல்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மாமியார் முன் உட்கார வேண்டிய மாதிரி மண்ணில் குந்தி, கைகளைக் குவித்து மெல்லத் தட்டி, முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே சமையலறை வாசல்வரை நகர்ந்தேன். என் மனைவி உள்ளே மக்காச்சோளக் களியான ன்ஷிமாவைக் களிக்கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கோழி மாதிரி பின்னாலயே வர்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஜப்பான்காரி ஏதாவது சொன்னாளா?"

"இன்னிக்கு அவ பேசல."

"வேற யாராவது பேசினாங்களா?"

அவள் என் தட்டில் வழக்கத்தைவிடப் பெரிய உருண்டையாக வைத்தாள்.

மறுநாள் முதல் மினிபஸ்ஸில் வேலைக்குப் போனேன். வண்டி முற்றத்தில் நின்றது. முன் சீட்டில் பெல்ட் போட்டபடி இருந்தது. அதை அவிழ்க்க நான் கை வைக்கவில்லை. வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அந்தச் சீட்டுப் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் தலையைக் குனிந்து வந்தேன். கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்திருந்தது. மூச்சு விட்டதுபோல, அந்த ஒரு பக்கம் மட்டும்.

கல் நாட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி கேட்கவில்லை, வற்புறுத்தவில்லை. பானைகளைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அதைவிடச் சத்தமான பேச்சு வேறில்லை.

கடைசியில் மாமியாரிடமே பேசிவிடுவது என்று தீர்மானித்தேன். மாலையில் வண்டிக்குப் போனேன். உள்ளே உட்காரக் கூடாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்பினேன். ஜப்பான்காரி தன் வாக்கியத்தைச் சொன்னாள். நான் வெளியே குந்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணு கசாமா போக வேண்டாம்னு சொல்லல. அவ என்ன சொல்றான்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான்தான் சொன்னேன். பள்ளத்துக்குப் பயந்து சொன்னேன். உங்க ஆளுங்க ஏத்துற கோழிக்கும் மூட்டைக்கும் பயந்து சொன்னேன். உங்க பெரிய தங்கச்சி ஒருத்தவங்க ஏறினாலே வண்டி ஒரு பக்கம் சாஞ்சுடும், அதுக்கும் பயந்தேன். இறங்கிக்கோங்கம்மா. உங்க மகளை நான் நல்ல பஸ்ல அனுப்பி வைக்கிறேன்."

உள்ளே ஒருவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொருவர். பிறகு பலர். காருக்குள் ஒரு கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான்கு மூலையிலிருந்தும் ஒரு கனத்த குரல் வந்தது.

"அங்க குந்தியிருக்கிறவருகிட்ட சொல்லும்மா. பெரிய தங்கச்சி கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு."

அதன்பின் கசாமாவே சிரித்தது. லவ்னெஸின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. சமையலறை ஜன்னலில் என் மனைவி கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் அன்று மாலையே சொல்லிவிட்டாள். மறைக்கவே இல்லை. லவ்னெஸ் வந்த அன்றே தன் கைபேசியை ஜப்பான்காரியின் வாயருகே பிடித்து மொழிபெயர்த்திருக்கிறாள். "சுங்கச் சாலை அட்டை சொருகவில்லை" என்பதுதான் அந்தத் தேன் தடவிய வாக்கியம். அப்புறம் அக்காவின் கைபேசியைக் கம்பியில்லாமல் வண்டியோடு இணைத்துவிட்டாள். கைபேசியில் ஓடுவது வண்டியில் கேட்கும், அழைப்பில் இருந்தால் வண்டியில் பேசுவது மறுமுனைக்குப் போகும். சீட்டு விளக்குக்குக் காரணம் உறையின் இறுக்கம். சீட்டில் ஆள் உட்கார்ந்த கனம் என்று வண்டி நினைத்துக்கொண்டது.

"உங்கம்மா குரல்?"

"அம்மா எனக்குப் பேசி அனுப்பினதுதான். எப்ப பேசினாலும் உங்களைத்தான் முதல்ல கேப்பாங்க, சாப்பிட்டாரான்னு. நான் அடிக்கடி போட்டுக் கேக்குறது அது."

நான் தலை குனிந்தேன். "அந்தக் குளிருதுங்கிறதைக் கேட்டப்பதான் என் உசுரே போச்சு."

"எது?"

"குளிருதுன்னு சொன்னாங்களே."

கைபேசியை எடுத்து அம்மாவின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். இருமல் இருந்தது. சாப்பிட்டாரா இருந்தது. மக்காச்சோளம், மழை, முட்டி வலி எல்லாம் இருந்தன. "குளிருது" மட்டும் இல்லை. அவள் முகத்தில் சிரிப்பைத் தேடினேன். அங்கே சிரிப்பு இல்லை. எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து கம்பளி ஒன்றை எடுத்துப் பானைகளோடு வைத்தாள். அதற்குமேல் நான் பள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை.

கசாமாவுக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். கல் நன்றாக நாட்டினோம். கம்பளியை அதன் கீழே மடித்து வைத்தோம். திரும்பும் காலையில் நான் சாவியோடு வண்டியருகே போனபோது, பெரிய தங்கச்சியும் மற்ற சித்திமார்களும் வழியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரிய தங்கச்சி என்னைப் பார்க்காமல் என் மனைவியிடம் பேசினார்.

"இந்த வண்டியில எங்க அக்கா இருக்காங்களா இல்லையா, கேளு."

"கேக்கிறாங்க," என்றாள் என் மனைவி.

"இல்லன்னு சொல்லு. அது கைபேசி. அப்புறம் சீட்டு உறை," என்றேன்.

"இல்லாதவங்ககிட்டயா இறங்குங்கம்மான்னு கெஞ்சினாரு? நாங்க அத்தனை பேரும் காதால கேட்டோமே. சரி, இறங்கினாங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"மருமகனை உள்ள கூப்பிடுற சடங்கு ஆச்சான்னு கேளு."

"ஆகல."

"அப்ப அவங்க இருக்கிற கூரைக்கடியில இவரு எப்படி உக்காருவாரு? வரும்போது நினைவில்லாம உக்காந்துட்டாரு, போகட்டும்."

"அந்தச் சடங்கை இப்ப நடத்திட்டா?" என்றேன். "யார் சமைச்சுக் கூப்பிடணும்?"

சித்திமார் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, புதுக் கல் இருந்த பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அங்கிருந்து பதில் வரவில்லை. வந்துவிடுமோ என்று பயந்து நானே சாவியை நீட்டிவிட்டேன். என் மனைவி வாங்கிக்கொண்டாள். ஓட்டும் உரிமம் என்னைவிட அவளுக்குத்தான் முதலில் கிடைத்தது.

எனக்குப் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ம்பிகா ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கூரைமேல் கோழிக்கூடையும் உள்ளே சித்திமாருமாக என் கார் ஒரு பெரிய பள்ளத்தை அழகாக ஒதுக்கி எங்களை முந்திப் போனது.

"யாரு பெத்த பொண்ணோ," என்றார் பஸ் டிரைவர், "வண்டி ஓட்டுன்னா இப்படி ஓட்டணும்."