எழுவாயாக நின்ற மான்

ஒரு காட்டில் புல்லைவிட அரசாங்கப் படிவங்கள் அடர்த்தியாக முளைத்திருந்தன. அங்கே பேச்சி என்றொரு புள்ளிமான், புருஷன் சுடலையோடும் இரண்டு குட்டிகளோடும் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சுடலையைப் புலி தின்றுவிட்டது.

புலி மானைத் தின்பதில் பேச்சிக்குக் கொள்கையளவில் மறுப்பு கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் யாரும் அசைவம் தொடக்கூடாது என்று கரடி அதிகாரி போட்ட உத்தரவு ஆலமரத்தில் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை தின்றிருந்தால் அழுது முடித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். போதாக்குறைக்குப் புலி இப்போது ஓடைக்கரையில் நின்று மூத்த குட்டியை மேலும் கீழும் பார்க்க ஆரம்பித்திருந்தது. புலியை வேறு காட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதற்காகப் பேச்சி குறைதீர்க்கும் அலுவலகத்துக்குப் போனாள்.

குமாஸ்தா குரங்கு அவள் சொன்னதையெல்லாம் பேன் பார்த்தபடி கேட்டது. பிறகு, "மனு இங்கிலீஷ்ல இருக்கணும்மா" என்றது.

"இங்க யாருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதனாலதான் அதுக்கு மரியாதை."

அந்தக் காட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதாகப் பலகை மாட்டியிருந்தவர் முள்ளம்பன்றி மாஸ்டர் ஒருவர்தான். அவர் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிப் பேனாவாக அவளிடம் கொடுத்தார்.

"மொத்தம் எட்டு வகைச் சொல். பயப்படாத, உன் கேஸுக்கு எல்லாம் வேண்டாம். டைகர், டீர் ரெண்டும் பெயர்ச்சொல். ஈட் வினைச்சொல். நடந்து முடிஞ்சதால ஏட். தின்னது யாருன்னு சொல்லாம விடணும்னா வாஸ் ஈட்டன். முன்னிடைச்சொல்னு ஒண்ணு இருக்கு. இன், ஆன், அண்டர். உன் புருஷன் இப்ப இன் டைகர்."

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுறதுக்கும் ஒரு வகை இருக்கு. வியப்பிடைச்சொல். ஐயோன்னா அலாஸ். மனுவுல அது போடக்கூடாது, அதிகாரிக்குப் பிடிக்காது."

"சரிங்க மாஸ்டர். எதை எங்க வைக்கணும்?"

"தின்னவர் முதல்ல. அவர்தான் எழுவாய். தின்ன வினை நடுவுல. தின்னப்பட்டவர் கடைசியில."

"நம்ம பேச்சுல எப்படி மாத்திச் சொன்னாலும் புலிதானே தின்னுது? புலி மானைத் தின்றது, மானைப் புலி தின்றது, ரெண்டும் ஒண்ணுதானே?"

"நமக்கு ஐன்னு ஒரு உருபு இருக்கு. மானோட ஒட்டிக்கிட்டு, பாவம் இதுதான் செத்ததுன்னு காட்டிக்கொடுத்துடும். இங்கிலீஷ்ல அது கிடையாது. நிக்கிற இடத்தை வச்சுத்தான் கணக்கு."

பேச்சி வீட்டுக்கு வந்து தேக்கிலையை விரித்து உட்கார்ந்தாள். மாஸ்டர் சொன்னது நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் புலிக்குப் பின்னால் புருஷனை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. தண்ணீர்த்துறையிலும் சரி, உப்புப் பாறையிலும் சரி, அந்த மனுஷன் உயிரோடு இருந்த வரைக்கும் கடைசியில்தான் நின்றார். செத்த பிறகாவது ஓரிடத்தில் முதலில் நிற்கட்டும் என்று நினைத்தாள். முள்ளை மையில் தொட்டு எழுதினாள்: டீர் ஏட் டைகர் ஆன் ஃப்ரைடே.

கரடி அதிகாரி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்த மனுவைப் படித்தார். நான்காம் நாள் புலிக்கு இறப்புச் சான்றிதழும், பேச்சிக்கு ஒரு நோட்டீஸும் போயின. வெள்ளிக்கிழமை அசைவம் உண்டதற்கு ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும் என்று நோட்டீஸ் சொன்னது.

பேச்சி தப்பைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு ஓடினாள். வழியில் கழுதைப்புலிகள் விலகி வழிவிட்டன. ஒரு செந்நாய் வாலைக் கீழே போட்டுக்கொண்டு, "வணக்கம்மா" என்றது.

அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் புலி நின்றிருந்தது. மனு வந்த அன்றே வேட்டை அனுமதி ரத்தாகி, நான்கு நாள் பட்டினியில் அதன் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

"யோவ், நான் உயிரோடதான்யா இருக்கேன்."

குரங்கு இரண்டு கிளை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாயால சொன்னா ஏத்துக்க முடியாதுங்க. இங்கிலீஷ்ல குடுங்க" என்றது.

புலி ஏற்கெனவே எழுதி வைத்திருந்த இலையை நீட்டியது. ஐ நாட் டெட். கரடி அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல வினைச்சொல் இல்ல. வினைச்சொல் இல்லாம வாக்கியம் இல்ல. வாக்கியம் இல்லன்னா நீங்களும் இல்ல."

புலி திரும்பியது. பேச்சியைப் பார்த்ததும் அதன் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. "தாயி, நீயே சொல்லு. நீ என்னைத் தின்னியா?"

அந்த இலையில் ஐ என்பதை அடுத்து ஆம் என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லைப் போட்டால் போதும், புலி பிழைத்துக்கொள்ளும் என்று பேச்சிக்குத் தெரியும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்போது மூத்த குட்டி அவள் வயிற்றோடு ஒண்டிக்கொண்டது. புலியின் கண், அந்தப் பரிதாபத்திலும், குட்டியின் தொடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெக்கார்டுல அப்படித்தாங்க இருக்கு" என்றாள் பேச்சி.

"அப்போ நோட்டீஸுக்கு விளக்கம்?" என்றார் கரடி, சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தபடி.

பேச்சி அங்கேயே முள்ளை எடுத்து எழுதி நீட்டினாள்: டைகர் வாஸ் ஈட்டன்.

கரடி அகராதியைப் புரட்டினார். புலி தின்னப்பட்டது. யார் தின்றார் என்று எங்கும் இல்லை. ஆளில்லாத வாக்கியத்தில் யார்மேல் நடவடிக்கை எடுப்பது? நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடினார்.

இறந்தவர்கள் வளாகத்தில் நிற்கக்கூடாது என்று குரங்கு மேலேயிருந்து அறிவித்தது. புலி வெகுநேரம் தன் பாதத்தையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஆற்றைத் தாண்டி, எழுதப் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு காட்டைத் தேடிப் போய்விட்டது.

பேச்சி குட்டிகளோடு ஓடைக்குப் போனாள். யானைகள் ஒதுங்கி நின்றன. அவள் முதலில் குடித்தாள்.

நீதி: எழுவாயின் இடத்தில் நிற்பவருக்குப் பல் இருக்க வேண்டும் என்று இலக்கணத்தில் எங்கும் சொல்லவில்லை.