ஆடாத மாமுவும் ஸ்டெல்லா அக்காவின் வாயும்

சென்னையிலேயே ஒரு மனிதரின் ஒற்றைச் சொல்லுக்கு ஒரு தெருவே கட்டுப்பட்டு நின்றது என்றால், அது ராயபுரத்தில் எங்கள் தெரு மட்டும்தான். அந்த மனிதர் கவுன்சிலரும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. பெயிண்டர். அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கடைக்காரருக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் 'ஆடாத மாமு'.

தெருவில் போகிற யாரிடமாவது ஒரு நல்ல தோளோ, முழங்கையோ, அழகான கொட்டாவியோ தென்பட்டால் போதும், மாடி ஜன்னலிலிருந்து "ஆடாத!" என்று குரல் வரும். அவர் வரைந்து முடிக்கும்வரை அப்படியே நின்றுவிட வேண்டும். டீக்கடை பாய் கையை உயர்த்தி டீ ஆற்றும்போது ஒருநாள் அந்தக் குரல் வந்தது. பாய் மரியாதை தெரிந்தவர், அசையவே இல்லை. கிளாஸ் நிரம்பி வழிந்த டீயை என் வெள்ளைச் சட்டைதான் குடித்தது. இன்னொரு நாள், செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடிய ஒருவன் அதே குரலைக் கேட்டுப் போலீஸ் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். தெருவே கூடி அவனைப் பிடித்தது. மாமுவுக்கு மட்டும் ஆத்திரம்.

"கைய ஏண்டா தூக்குன? ஓடிகினு இருந்தியே, அதான்டா ஷோக்கா இருந்துச்சு!"

கீழே ஐஸ் குடோன், மேலே மாமுவின் அறை. எதிர் அறையில் நான். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் எனக்கு வேலை. ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடினால் மாடித் தரை முழுக்க அதிரும். அவர் படங்களில் கடல் மட்டும் தத்ரூபமாக இருந்ததற்கு அந்த மிஷின்தான் காரணம் என்பது என் கட்சி. கடை ஷட்டரிலும் படகிலும் பேர் எழுதுவது பிழைப்பு, படம் வரைவது உயிர். மீன் பெட்டி மூடியில் கலர் குழைப்பார். பிரஷ் கழுவிய கிளாஸ் எது, டீ கிளாஸ் எது என்பதை ஒவ்வொரு முறையும் குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

கலர் தேடி அவர் எந்தக் கடைக்கும் போனதில்லை. கன்டெய்னர் லாரி வரிசைக்குள் புகுந்து துருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"யோவ், வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று டிரைவர் கத்துவார்.

"நைனா, கோச்சுக்காத. கொஞ்சம் ரிவர்ஸ் எடேன். வெயில்ல அந்தத் துரு எப்டி கீதுன்னு பாத்துக்குறேன்" என்பார் மாமு.

இப்படிப்பட்டவரைத் தேடி ஒருநாள் அடையாறு பக்கத்திலிருந்து ஒரு ஓவியக் கூடத்துக்காரர்கள் வந்தார்கள். "எங்க கண்காட்சிக்கு உங்க தெருவை அப்படியே பெரிசா வரைஞ்சு கொடுங்க, சனிக்கிழமை காலைல வேன் வரும்" என்றார்கள். தெருவுக்கே தலைகால் புரியவில்லை. பாய், அயர்ன்காரர், ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் கேன்வாஸில் ஏறிவிட்டன. என்னையும் வரைந்திருந்தார், டிபன் பையோடு, முதுகு மட்டும்.

"இன்னா மாமு, நமக்கு மூஞ்சி கிடையாதா?"

"உன் மூஞ்சிதான் தெனம் எதுர்லயே கீதே. அத வேற வரையணுமா?"

பாக்கி இருந்தது ஒரே ஒரு முகம், முனையில் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்காவுடையது. அக்கா உட்காருவார், கையை ஆட்டமாட்டார், காலை ஆட்டமாட்டார். வாய்தான் நிற்காது. அல்வா கொடுத்துப் பார்த்தோம், அல்வாவோடு பேசினார். விஷயம் விளையாட்டு இல்லை. அக்கா தன் மகளைக் கட்டிக்கொடுத்த காத்திவாக்கத்துச் சம்பந்தியம்மா, "உன் மூஞ்சிய ஏசி ரூம்ல மாட்டப்போறாங்களா?" என்று நாலு பேர் நடுவில் சிரித்துவிட்டார். "வந்து பாரு" என்று அக்கா சவால் விட்டுவிட்டார். முகம் இல்லாமல் படம் போனால் அக்காவின் மானமும் அதோடு போய்விடும்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. "மாதா கண்ணத் தொறந்துட்டாங்க!" என்று மாமு குதித்தார். அக்காவை உட்காரவைத்து, மூக்கு, கண், மூடிய உதடு என்று நிதானமாக வரைந்து முடித்தார். அத்தனை அழகு. தெருவே மாடியேறி வந்து பார்த்தது.

"யாரு மாமு இது?" என்றார் பாய்.

அயர்ன்காரருக்கும் தெரியவில்லை. அக்கா தானே கிட்டப் போய்ப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இந்தப் பொம்பளயக் காட்டி சம்பந்திக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்று கிசுகிசுத்தார். மாமு தின்னர் துணியை எடுத்து அந்த முகத்தைத் துடைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை வேன் வாசலில் ஹாரன் அடித்தது. அக்காவுக்கு இன்னும் குரல் வரவில்லை. மாமு கேன்வாஸும் பிரஷுமாக இறங்கி வந்து, அக்காவின் கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி மோந்து பார்த்தார். தெருவே கேட்கும்படி, "இன்னாம்மே, நேத்து மீன வச்சு ஏமாத்திகினு கீற?" என்றார்.

அக்கா மெதுவாக எழுந்தார். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்.

"இன்னாடா சொன்ன, சோமாரி! வெடிகாலைல காசிமேட்டாண்ட நின்னு ஏலம் எட்த்த மீனுடா இது! உன் கண்ணுல பெயிண்ட ஊத்த!"

"ஆடு! நல்லா ஆடு! இன்னும் கத்தும்மே!" என்று கூவிக்கொண்டே மாமு கேன்வாஸில் பிரஷை ஓட்டினார். அவர் வாயிலிருந்து 'ஆடு' என்ற சொல்லைத் தெரு கேட்டது அன்றுதான். அக்கா திட்டி முடிப்பதற்குள் முகம் முடிந்துவிட்டது. படத்தைப் பார்த்ததும், "ஐய, நான்தான்!" என்று மீன் கையோடு மாமுவின் கன்னத்தைக் கிள்ளினார்.

அடையாறில், ஏசி அறையில், சம்பந்தியம்மா அந்தப் படத்துக்கு முன்னால் வந்தவர் சட்டென்று ஒரு அடி பின்வாங்கினார். "இன்னா, என்னியா திட்டுது?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்காவுக்கு வேறு விருது எதற்கு?

போன மாதம் எனக்குப் பெரம்பூரில் வீடு கிடைத்தது. பெட்டியும் பக்கெட்டுமாக மாடியிலிருந்து இறங்கித் தெருவில் கால் வைத்தேன். மேலே ஜன்னல் திறந்தது.

"ஆடாத!"

"மாமு, வண்டி நிக்குது. என் மூஞ்சிய வரையவே வேணாம்னியே?"

"அப்ப எதுர்ல இருந்த. இனிமே யாரப் பாக்குறது? வாய மூடிகினு நில்லு நைனா."

வண்டிக்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். நான் பக்கெட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. அழுகை வந்தது, ஆனால் ஆடவில்லை.