ஆயிரத்து நானூறு மைல் பக்கத்துக் கல்லூரி

ஆம்ஸ்லி, அயோவா
மார்ச் 9

பாசமுள்ள லியோனா அக்காவுக்கு,

தம்பி ஆரின் எழுதுவது. இங்கே டெல்லாவும் நானும் உடம்பளவில் சுகம். மனசளவில் டெல்லா மட்டும் சுகம். வடக்கே உங்கள் துலூத்தில் ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஹெர்ஷல் அத்தானின் புது முழங்கால் மடங்குகிறதா, அவர் டாக்டர் சொன்னபடி நடக்கிறாரா அல்லது தன் இஷ்டப்படி நடக்கிறாரா என்று எழுதவும். கிறிஸ்துமஸுக்கு நீ பின்னி அனுப்பிய கையுறைக்கு இப்போதுதான் நன்றி சொல்கிறேன். இரண்டும் இடது கைக்கானவை என்றாலும் அன்பில் ஒரு குறையும் இல்லை.

போன கடிதத்தில், "நம்ம ஆரின் பெரிய தலைவனாயிட்டான்னு பேப்பர்ல போட்டிருக்கே, அம்மா இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பா" என்று எழுதியிருந்தாய். அக்கா, உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. அத்தானிடம் சொல்லாதே, அவர் மீன் பிடிக்கிற நண்பர்களிடம் சொல்லுவார்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துவிட்டு, தக்காளிச் செடி வளர்க்கலாம் என்று உட்கார்ந்தவன் நான். இந்தப் பக்கத்தில் ஆறு சின்னக் கல்லூரிகள் சேர்ந்து மத்தியச் சமவெளி விளையாட்டுக் கூட்டமைப்பு என்று ஒன்றை நடத்திவந்தன. யார் யாரோடு என்றைக்கு ஆடுவது, யார் விசில் ஊதுவது, கோப்பை யாருக்கு என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதற்குத் தலைமை தாங்குகிறவர் பெயர் கமிஷனர். பழைய கமிஷனர் போனதும் மூன்று கல்லூரி முதல்வர்கள் ஒருவரைச் சொன்னார்கள், மற்ற மூன்று பேர் இன்னொருவரைச் சொன்னார்கள். நான்கு மாதம் இழுத்த பிறகு, இரு தரப்புக்கும் ஆட்சேபணை இல்லாத ஆளாக என்னைக் கண்டுபிடித்தார்கள். ஆட்சேபணை இல்லாததற்குக் காரணம், இரு தரப்புக்கும் என்னைத் தெரியாது. முடிவெட்டும் கடையில், "கமிஷனர்னா துப்பாக்கி குடுத்தாங்களா?" என்று கேட்டார்கள். "விசில்கூடக் குடுக்கல" என்றேன்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பதாவது நாள், ஆறில் ஒரு கல்லூரி எங்களைவிடப் பெரிய கூட்டமைப்புக்குத் தாவிவிட்டது. மீதி ஐந்து. அக்கா, இது சாதாரண விஷயமில்லை. ஆறு கல்லூரிக்குக் குறைந்தால், எங்களில் ஜெயிக்கிற அணிக்கு தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடையாது. வருஷம் முழுக்க விடியற்காலையில் எழுந்து ஓடுகிற பிள்ளைகள் எதற்காக ஓடுகிறார்களோ, அதுவே போய்விடும். முதல்வர்கள் குழுவின் தலைவர் டாக்டர் விட்கோம்ப் ரீஸ் என்னைக் கூப்பிட்டார். மனிதர் பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு வார்த்தையும் இஸ்திரி போட்டுத்தான் வெளியே வரும்.

"பதறாதீங்க ஆரின். வளர்ச்சிதான் நமக்கு ஒரே வழி."

"அஞ்சாகிட்டோமே சார்?"

"அதைத்தான் சொல்றேன். வளரணும்னா முதல்ல குறையணும். சீக்கிரமா ஆறாவது ஒண்ணைப் புடிங்க."

நாற்பது மைலில் செயின்ட் ஒடிலியா என்று ஒரு கல்லூரி இருக்கிறது. எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து, என் கையாலேயே, உருக்கமாக ஒரு கடிதம் எழுதினேன். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினேன், முதலில் வந்த முகவரியை உறைமேல் எழுதினேன், ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டுவிட்டேன். பத்தே நாளில் போன். அந்தக் கல்லூரியின் தலைவி, சிஸ்டர் ரோஸ்வித்தா.

"உங்க கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன் மிஸ்டர் ஹாக்ஸ்டட். 'அக்கம்பக்கத்துல இருந்துக்கிட்டே இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டோம், வாங்க ஒண்ணா விளையாடுவோம்'னு எழுதியிருந்தீங்க. எங்களை அக்கம்பக்கம்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல. இருபத்திரண்டு வருஷமா எல்லாக் கூட்டமைப்புக்கும் எழுதிப் பாத்துட்டோம். எங்களைத் தானா தேடி வந்த முதல் ஆள் நீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரியாதைக்கு, "இங்க நல்ல மழை சிஸ்டர், அங்க எப்படி?" என்று கேட்டேன்.

"மழை இல்ல. மலை பூரா பனி."

மலையா? அக்கா, அயோவாவில் மலை ஏது? பிறகு மெதுவாக, ஏதோ மறந்துபோனவன் மாதிரி, அவர்கள் இருக்கும் ஊரைக் கேட்டேன். இடாஹோ. மேற்கே மலை மாநிலம், அங்கே அதே பெயரில் இன்னொரு கல்லூரி. இங்கிருந்து ஆயிரத்து நானூறு மைல். பஸ்ஸில் இருபத்திரண்டு மணி நேரம். முப்பத்தொரு வருஷம் பூகோள வாத்தியார்!

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் பின்னாலிருந்து பெண்பிள்ளைகள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. "எங்க கூடைப்பந்துப் பொண்ணுங்க. நேத்திலேர்ந்து தூங்கல" என்றார் சிஸ்டர். வாயை மூடிக்கொண்டேன்.

சரி, முதல்வர்கள் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளலாம், அவர்களே ரத்து செய்வார்கள் என்று நினைத்துப் போனேன். "ஒரு சின்னக் குழப்பம் நடந்துபோச்சு. ஆறாவது கல்லூரி கிடைச்சிருக்கு, ஆனா அது இடாஹோல இருக்கு" என்றேன். ரீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இடாஹோ" என்றார். "நாமெல்லாம் அடுத்த ஊரைப் பாத்துக்கிட்டிருந்தோம். இந்த மனுஷன் அடுத்த மலைத்தொடரைப் பாத்திருக்கார். இதைத்தான் நான் தொலைநோக்குன்னு சொல்றது!"

"தொலைவுங்கறது சரிதான் சார், ஆனா..."

"அடக்கம் வேற!"

ஐந்துக்கு ஐந்து ஓட்டு. முதல்வர்கள் யாரும் பஸ்ஸில் போகிறவர்கள் இல்லை என்பதைக் கவனி. அதோடு விட்டார்களா? நடுவில் இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே, பஸ் எங்காவது நின்று போக வேண்டாமா என்று நெப்ராஸ்காவில் ஒன்று, வயோமிங்கில் ஒன்று சேர்த்தார்கள். எட்டாகிவிட்டோம். மத்தியச் சமவெளி என்ற பெயர் சின்னதாகிவிட்டது என்று மகா மேற்குக் கூட்டமைப்பு என்று மாற்றினார்கள். நாங்கள் மேற்கில் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதையும் பதிவேட்டில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் நீ பார்த்த அந்தப் பத்திரிகைச் செய்தி. ஒமாஹாவில் தலைமைப் பண்பு பற்றிப் பேசவும் கூப்பிட்டார்கள். ஒரு பெண்மணி எழுந்து, "இவ்வளவு துணிச்சலான முடிவை எடுத்த அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமே ஓடல" என்றேன். முந்நூறு பேர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவே, நாற்பது மைலில் இருக்கிற நிஜமான செயின்ட் ஒடிலியாவுக்கு நேரில் போய், "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டும் பார்த்தேன். அவர்களுடைய விளையாட்டு அதிகாரி கர்னர் எனக்குக் காப்பி கொடுத்தார். "வர ஆசைதான். ஆனா நீங்க இடாஹோ வரைக்கும் போறீங்களாமே? எங்களுக்கு அவ்வளவு தூரமெல்லாம் சரிப்படாதுங்க" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், ஆனால் பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னால் நீ சிரிக்கமாட்டாய். ஆம்ஸ்லி கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி முதல் தடவை இடாஹோவுக்குக் கிளம்பியது. மனசு கேட்காமல் நானும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பயிற்சியாளர் ஜோலீன் ப்ரூயிட் என்னைப் பார்த்து, "வாங்க, வாங்க. வளர்ச்சியைக் கண்ணால பாருங்க" என்றாள். அதற்கு மேல் நெப்ராஸ்கா தாண்டும் வரை என்னோடு பேசவில்லை. வயோமிங்கில் ராலின்ஸ் பக்கம் பனி கொட்டி நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். லாரிகள் நிற்கிற ஒரு பெட்ரோல் பங்கில் பகல் முழுக்கக் கிடந்தோம். பதினான்கு பெண்கள், ஒரு கழிவறை, சாப்பிட வெறும் சோள வறுவல். அன்றைக்குத்தான் மாரென் என்கிற பெண்ணுக்கு வேதியியல் பரீட்சை. பஸ்ஸிலேயே எழுதலாம் என்று பேராசிரியர் போனில் சொல்ல, டிரைவர் வர்ஜில்தான் கண்காணிப்பாளர். அவர் அவள் பக்கத்து ஸீட்டில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, மூணாவது கேள்விக்கு அது சரியாப் படலையே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"வர்ஜில்! நீங்க பேசக் கூடாது!"

"நான் எங்கம்மா பேசினேன்? வாய்விட்டு யோசிச்சேன்."

பரீட்சை முடிந்ததும் மாரென் முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. இந்த மாதம் மட்டும் ஒன்பது வகுப்புகள் போய்விட்டதாம்.

"நீங்கதானே கமிஷனர்? இவ்வளவு தூரத்துல ஏன் சார் சேத்தீங்க? காரணம் இருக்கும்ல? காரணம் தெரிஞ்சா பரவாயில்லன்னு இருக்கும், அதான் கேக்கறேன்."

குறும்பாகக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். "நீண்ட காலத் திட்டம்மா" என்றேன். அந்த வார்த்தைகள் என் வாயில் சோப்பு மாதிரி இருந்தன. அவள் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தோம். கால் நீட்டக்கூட நேரமில்லை, அரை மணியில் ஆட்டம். அக்கா, அந்த அரங்கத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஊரே கடையடைத்துவிட்டு வந்திருந்தது. எங்கள் பிள்ளைகள் உள்ளே நுழைந்தபோது, எதிரணிக்காரர்கள் என்றுகூடப் பார்க்காமல் எழுந்து நின்று கைதட்டினார்கள். வாசலில், 'அக்கம்பக்கத்தாரே, வருக' என்று பெரிய துணி கட்டியிருந்தது. ஆட்டத்தில் அவர்கள் ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். கூட்டமைப்பில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. சிஸ்டர் ரோஸ்வித்தா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். தோற்றுப்போன மாரெனை அந்த ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்து, இரவு வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவர்கள் ஏற்றிவிட்ட ஏழு மூட்டை உருளைக்கிழங்கு, அந்தப் பக்கம் விளைவது அதுதான்.

மறுநாள் கிளம்புவதற்கு முன், காலைச் சாப்பாட்டில் ஜோலீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தப்பு முகவரி, மலை, கைதட்டல், எல்லாம். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இதுக்கெல்லாம் காரணம் ஒரு உறையா?"

"ஆமாம்மா."

"இருபத்திரண்டு மணி நேரம் என் பொண்ணுங்க முதுகு ஒடிஞ்சு வந்தது ஒரு உறைக்காகவா?"

"ஆமா."

அடிப்பாள் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அந்த ஊர்ப் பெண்கள் எங்கள் பஸ்ஸின் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதை இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் பொண்ணுங்க காதுல விழுந்தா தாங்கமாட்டாங்க" என்றாள். பிறகு, "ஆனா என் பொண்ணுங்களுக்கு நீங்க ஏதாவது செய்யணும். அடுத்த வருஷமும் இப்படியே ஓடவெச்சீங்கன்னா, நானே மைக் புடிச்சுச் சொல்லிடுவேன்."

திரும்பி வரும் வழி முழுக்க நான் தூங்கவில்லை. அணிகள் இரண்டு பாதியாகப் பிரிந்து, கிழக்குக் கல்லூரிகள் தங்களுக்குள்ளும் மேற்குக் கல்லூரிகள் தங்களுக்குள்ளும் ஆடுவது, வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, பரீட்சை இல்லாத வாரத்தில், எல்லோரும் நடுவில் ஒரு ஊரில் கூடுவது என்று ஒரு அட்டவணை போட்டேன். இந்தப் பதவியில் நான் யோசித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான். போன வாரம் அதை எட்டு முதல்வர்களும் ஏற்றுக்கொண்டார்கள். நாலு நிமிஷம் ஆனது. பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. மாரென் மட்டும் ஒரு அட்டை அனுப்பியிருந்தாள். வேதியியலில் தேறிவிட்டாளாம், மூன்றாவது கேள்வி தவிர.

அதனால் என் மனசு இப்போது தெளிவாக இருக்கிறது. தப்பினால் வந்த பேரோடு இந்த நாற்காலியில் உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்று காலை ராஜினாமா எழுதி ரீஸிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வரிதான் எழுதினேன், அதுவும் உறுதியாக. யார் கெஞ்சினாலும் இனி திரும்பமாட்டேன். ஜூன் மாதம் டெல்லாவும் நானும் அங்கே வருகிறோம். பின்னறையை ஒழித்து வை. அத்தானோடு படகில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் மீன் பிடிக்கப் போகிறேன்.

உனக்கும் அத்தானுக்கும் கடவுள் நல்ல முழங்கால்களையும் நீண்ட ஆயுளையும் கொடுக்கட்டும். டெல்லா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

என்றும் உன் தம்பி,
ஆரின் ஹாக்ஸ்டட்
(முன்னாள் கமிஷனர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரீஸ் போன் செய்தார். ராஜினாமா ஒருமனதாக ஏற்கப்பட்டதாம். "எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டேன். "ஒரு நிமிஷம்கூட ஆகல. எல்லாரும் உடனே கை தூக்கிட்டாங்க" என்றார். "ஏன் போறாருன்னு யாராச்சும் கேட்டாங்களா?" "இல்லையே. அடுத்ததா கார் நிறுத்தற இடத்தைப் பத்திப் பேசவேண்டியிருந்துச்சு." கார் நிறுத்துகிற இடமாம்! அக்கா, அப்புறம் பேசியது நான் இல்லை, என் வாய். "சரி சார், வடக்குப் பக்கம் ரெண்டு கல்லூரி வரேன்னு சொல்லியிருக்காங்க, அவங்க பேரை யாருகிட்ட குடுத்துட்டுப் போறது?" என்றது. "வடக்கா? ரெண்டா? ஆரின், நீங்க எங்கயும் போகக் கூடாது!" என்றார். இன்னும் ஐந்து வருஷம் கமிஷனராக இருக்கச் சம்மதித்துவிட்டேன். பின்னறையை ஒழிக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் ஏதாவது கல்லூரி இருக்கிறதா? மைதானம்கூட வேண்டாம், ஒரு பந்தும் அதைத் துரத்த ஐந்து பேரும் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு வேண்டும்.